உப்பளத்து விலக்கு

ஏசுவடியான் வேலையை விடப்போகிறார் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஜெயசீலியிடம் மட்டும் சொன்னார். ஜெயசீலி தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் கூத்தன்விளை என்று ஓர் ஊர். அங்கிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏசுவடியான் கண்டக்டர். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் தோல் பை, வாயில் விசில், தொண்டையில் ஒரு வெண்கல மணி. அவர் "உள்ள போ" என்று ஒரு சத்தம் போட்டால் பஸ்ஸே கொஞ்சம் நீண்டு கொடுக்கும் என்பார் டிரைவர் சுடலைக்கண்ணு.

டவுனில் ஒரு நற்செய்திக் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் மேடையில் நின்று கேட்டார்.

"மீன் பிடிச்சவங்க வலையை விட்டுட்டு ஆண்டவர் பின்னால போன மாதிரி வர இங்க யாருக்கு மனசிருக்கு?"

கூட்டத்தில் ஏசுவடியான் கையைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தக் கை மனசுக்குள் இறங்கவேயில்லை.

மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவள் நர்சிங் படிக்கிறாள். ஜெயசீலி அதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க."

அம்மா என்றால் எப்சிபா அம்மா. கூத்தன்விளைக் கோயிலின் போதகர். அந்த ஊருக்கு வந்த முதல் பெண் போதகர் அவர்தான். வந்த புதிதில் ஊர் திண்டாடியது. போதகரை ஐயர் என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அவர் மனைவி ஐயரம்மா. போதகரே பெண் என்றால் ஐயரா, ஐயரம்மாவா? ஒரு மாதம் யாரும் அவரை எப்படியும் கூப்பிடவில்லை. பிறகு யாரோ அம்மா என்றார்கள். அதுவே நின்றது.

ஏசுவடியானை விட அவர் மிகவும் இளையவர். ஆனாலும் ஏசுவடியான் அவருக்குச் சீடரைப்போல ஆகியிருந்தார். வேதபாடம் நடக்கும் சனிக்கிழமைகளில் கடைசியாக எழுந்து போவது அவர்தான். எப்போதும் ஒரு கேள்வி கையில் இருக்கும்.

அம்மா பதில் சொல்வது அபூர்வம். எழுந்து எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒருமுறை ஏசுவடியான், "என் ஜெபத்துக்கு ஏன் பதில் வரலை?" என்று கேட்டார். அம்மா அவரைப் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போய், கையில் விசிறியைக் கொடுத்தார். ஊரில் கரண்ட் இல்லாத நேரம். கரண்ட் வரும்வரை ஏசுவடியான் விசிறினார். பெரியவர் கண்ணை மூடியபடியே, "ஆண்டவரே, காத்து அனுப்பிட்டீரு" என்றார். கரண்ட் வந்த பிறகும் ஏசுவடியான் விசிறியைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. கோயில் பக்கத்து அறையில் அம்மா வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். ஏசுவடியான் வாசலில் நின்றார்.

"அம்மா, நான் வேலையை விடலாம்னு இருக்கேன்."

"கேள்விப்பட்டேன்."

"முழுநேர ஊழியத்துக்குப் போறேன்."

"எங்க?"

"அது இன்னும் தெரியலை. கர்த்தர் காட்டுவாரு."

அம்மா அங்கியின் ஒரு கையை மடித்தார். "ஏன் அண்ணாச்சி?"

ஏசுவடியான் உள்ளே வந்தார். பேச ஆரம்பித்ததும் அவருக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது.

"விடியக்காலம் எந்திரிச்சு முழங்கால் போடுதேன். மனசு பஞ்சு மாதிரி இருக்கு. எல்லாரையும் நேசிக்கேன்னு சொல்லுதேன். சொல்லிட்டு பஸ்ஸில ஏறுதேன். ஏறுன கொஞ்ச நேரத்துல நான் வேற ஆளு. ஒருத்தன் படிக்கட்டுல தொங்குதான். ஒருத்தன் சில்லறை இல்லேங்கான். ஒருத்தி நான் சொன்ன இடத்துல நிறுத்தலைன்னு ஏசுதா. நானும் ஏசுதேன். ராத்திரி வந்து அழுதுட்டுப் படுக்கேன். மறுநாளும் அதே பஸ்ஸு. அதே ஏச்சு. கோயில்ல இருக்க ஏசுவடியான் வேற, பஸ்ஸில இருக்க ஏசுவடியான் வேற. எத்தனை வருசத்துக்கு இப்படி ரெண்டாளா இருக்கது?"

அம்மா இன்னொரு கையையும் மடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த பஸ்ஸுக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தன் கிறிஸ்தவனா வாழ முடியுமா, முடியாதா?"

"காலையில எந்த பஸ்ல கூட்டம் அதிகம்?"

"ஏழு மணி பஸ்ஸு. ஏன் கேக்கீங்க?"

"நாளைக்கு எனக்கு டவுன்ல ஒரு வேலை இருக்கு. அதுல ஒரு ஜன்னல் சீட் கிடைக்குமா?"

ஏசுவடியானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதுல வேண்டாம்மா. எட்டரை பஸ்ஸு காலியா வரும்."

"காலி பஸ்ல எனக்கு என்ன வேலை அண்ணாச்சி?"

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலி கேட்டாள். "அம்மா என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு பஸ்ஸில வாராங்களாம்."

"உங்க பஸ்ஸிலயா?"

"ஆமா."

ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"நீங்க பேசுத பேச்செல்லாம் அவங்களும் கேக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை ஏசுவடியான் வழக்கத்தை விட நீண்ட நேரம் முழங்காலில் நின்றார். இன்றைக்கு ஒரு கடுஞ்சொல் வாயிலிருந்து வராது. சத்தமே போடுவதில்லை. அப்படித் தீர்மானம் செய்துகொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டார்.

எப்சிபா அம்மா சாதாரணக் கைத்தறிச் சேலையில், ஒரு பையும் குடையுமாக வந்து ஏறினார். நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் புறப்பட்டது.

இரண்டாவது நிறுத்தத்திலேயே பஸ் நிரம்பிவிட்டது. ஏசுவடியான் பின்வாசலில் நின்று மெல்லிய குரலில் சொன்னார்.

"சகோதரர்களே, தயவுசெய்து கொஞ்சம் உள்ளே செல்லுங்கள்."

யாரும் அசையவில்லை. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

"யாரு பேசுனது?" என்றார் ஒருவர்.

"கண்டக்டரு மாதிரிதான் இருக்கு."

"காய்ச்சலா என்ன?"

வாசலில் நெரிசல் இறுகியது. உள்ளே இடம் காலியாகக் கிடந்தது. மூன்று பெண்கள் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டார்கள். புளியடி நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒரு வாத்தியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. "எறக்கம்! எறக்கம்!" என்று அவர் அலறினார். ஏசுவடியான் புன்னகையோடு விசில் கொடுத்தார். அந்த விசிலிலும் அன்று அவர் பலமாக ஊதவில்லை. முன்னால் சுடலைக்கண்ணுவுக்கு அது எட்டவில்லை. வாத்தியார் அரை மைல் தள்ளி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். நடந்துகொண்டே அவர் சொன்னது எதுவும் வேதாகமத்தில் இல்லை.

சுடலைக்கண்ணு முன்னாலிருந்து கத்தினார். "வே, என்னவே ஆச்சு உமக்கு? பின்னால ஆளு இருக்கா, இல்லையா?"

ஏசுவடியான் நெற்றியைத் துடைத்தார். நேராக அம்மாவைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

படிக்கட்டில் கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினான். இன்னொரு கையில் செல்போன். ஏசுவடியான் குனிந்து, "தம்பி, உள்ளே வரலாமே" என்றார். அவன் காதில் அது விழவில்லை.

அம்மா ஜன்னலோரத்திலிருந்து திரும்பினார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை தொங்குறான்."

"சொல்லிட்டேம்மா. கேக்க மாட்டேங்கான்."

"கை வழுக்கிட்டுன்னா?"

ஏசுவடியான் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். ஒரு கணம் படிக்கட்டைப் பார்த்தார். எதிரே ஒரு மணல் லாரி வந்துகொண்டிருந்தது.

"ஏலே! உங்க அம்மைக்கு நீ ஒத்தப் பிள்ளைதானலே! ஏறுலே உள்ள!"

வெண்கல மணி அடித்தது. மாணவன் ஒரே தாவலில் உள்ளே வந்து விழுந்தான். அவனோடு சேர்ந்து பஸ்ஸில் இருந்த எல்லோருமே தாமாகவே ஓர் அடி உள்ளே நகர்ந்தார்கள். லாரி உரசினாற்போல் கடந்து போனது.

"அப்பாடா, கண்டக்டரு வந்துட்டாரு" என்றாள் ஒரு பாட்டி.

பஸ் முழுக்கச் சிரித்தது. முன்னால் சுடலைக்கண்ணு ஹாரனை இரண்டு தடவை அடித்துத் தன் சந்தோஷத்தைச் சொன்னார். ஏசுவடியான் பயந்துகொண்டே அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. இத்தனை நாள் இரவில் அழுதது இந்தச் சத்தத்துக்காகத்தான். அம்மாவுக்கு அது ஒரு குற்றமாகவே படவில்லை.

ஆனால் அந்த நிம்மதி உப்பளத்து விலக்குவரைதான்.

பெரிய ரோட்டிலிருந்து உப்பளத்துக்குப் பாதை பிரியும் இடம் அது. நிழலுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. தினமும் ஒரு பெண் மீன் கூடையோடு அங்கே நிற்பாள். பெயர் ரொசாரி. சில மாதங்களுக்கு முன்புவரை இந்த பஸ்ஸில்தான் டவுன் மார்க்கெட்டுக்குப் போனாள். வாடை தாங்க முடியவில்லை என்று சிலர் சண்டை போட்டார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா பொன்னையா, டிப்போவுக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்றார். தினமும் அதே சண்டை. ஒருநாள் ஏசுவடியான் சுடலைக்கண்ணுவிடம் சொன்னார்.

"அந்த விலக்குல வேற ஆளு இல்லைன்னா விட்டுரும்வே. தலைவலி மிச்சம்."

அதிலிருந்து விலக்கில் ரொசாரி மட்டும் நின்றால் பஸ் நிற்பதில்லை. ஏசுவடியான் அந்த இடம் நெருங்கும்போதே, நிற்காமல் போகச்சொல்லி இரட்டை விசில் கொடுத்துவிடுவார். சண்டை இல்லை. ஏச்சு இல்லை. அதனால் இரவு ஜெபத்தில் அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

இன்றைக்கும் அவள் நின்றாள். தூரத்திலேயே தெரிந்தது. கூடையைத் தரையில் வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. நீட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு டவுன்வரை நடப்பதற்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஏசுவடியான் வாயில் விசில் இருந்தது. பஸ் வேகம் குறையவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டிருப்பாரே என்று ஒரு நினைப்பு வந்தது. எட்டிப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். ஏசுவடியான் மறுபடியும் வெளியே பார்த்தார். ரொசாரி சும்மாட்டைத் தலையில் வைத்துவிட்டு ஒரு காலை மடித்து மண்டியிட்டுக் கூடைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். தூக்கிவிட ஆள் இல்லாததால் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.

ஏசுவடியான் ஒற்றை விசில் அடித்தார். நீளமாக.

சுடலைக்கண்ணு கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். பஸ் விலக்கைத் தாண்டிப் போய் நின்றது. ஏசுவடியான் குதித்து இறங்கிப் பின்னால் நடந்தார்.

ரொசாரி நிமிர்ந்தாள். முகத்தில் பயம்தான் இருந்தது.

"நான் ஒண்ணும் கையைக் காட்டலையே கண்டக்டரே."

"தெரியும். பிடிங்க ஒரு பக்கம்."

இரண்டு பேருமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாடை பஸ்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

"கண்டக்டர்!"

குமாஸ்தா பொன்னையா எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை.

"இது பஸ்ஸா, மீன் வண்டியா? இந்தச் சனியனை இனிமே ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? இறக்குய்யா கீழே!"

"ஆமா, இறக்குங்க" என்று இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன. "நாங்க ஆபீசுக்குப் போகவேண்டாமா?"

ரொசாரி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் எறங்கிக்கிடுதேன் கண்டக்டரே. சண்டை வேண்டாம்."

ஏசுவடியானுக்குக் காது மடல் சூடேறியது. பொன்னையாவுக்குச் சொல்ல அவரிடம் நல்ல கூர்மையான பதில் ஒன்று தயாராக இருந்தது. பொன்னையாவின் மாமனார் உப்பு மூட்டை தூக்கியவர் என்பது ஊருக்கே தெரியும். நாக்கின் நுனியில் அது வந்து நின்றது. சொன்னால் மனுசர் ஒரு மாதம் தலையெடுக்க மாட்டார்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா உதவிக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன் காலடியைக் காட்டினார்.

"இங்க வையுங்க அண்ணாச்சி. இடம் இருக்கு."

காலை ஒதுக்கிக்கொண்டு கூடையைத் தன் பக்கமாக இழுத்தார். சாக்கின் தண்ணீர் சேலைக் கரையில் இறங்கியது.

பக்கத்தில் இருந்தவள் பதறினாள். "அம்மா, சேலை நனையுது!"

"காய்ஞ்சுரும்."

ஏசுவடியான் மூச்சை இழுத்துவிட்டார். நாக்கில் நின்றது கீழே இறங்கிப் போனது. போன இடத்திலிருந்து வேறொன்று வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

"குமாஸ்தா ஐயா, இறக்கணும்னா என்னையும் சேத்து இறக்கணும். நான் நேத்து மூணு துண்டு அயிலை தின்னேன். எங்கிட்டயும் இதே வாடைதான்."

யாரோ சிரித்தார்கள்.

"உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு கொதிச்சா தெரு முனையில எங்களுக்கு நாக்கு ஊறுது. அது யாரு மீனு?"

பொன்னையா வாயைத் திறந்தார். அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்த ரொசாரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற மரியாதையோடு சொல்லிவிட்டாள்.

"எங்கிட்ட வாங்குனதுதான். சனிக்கிழமை சீலா வாங்குனாவ. நடுத்துண்டா பாத்து."

பஸ் குலுங்கியது. முன்பு படிக்கட்டில் தொங்கிய மாணவன் விழுந்து விழுந்து சிரித்தான். பொன்னையாவின் மூக்கிலிருந்து கைக்குட்டை இறங்கியது. சிரிப்பை அடக்க முயன்றதில் மீசை கோணிக்கொண்டது.

"குழம்புல இருக்கது மணம்யா. பஸ்ஸுல வந்தா நாத்தம்" என்றார். குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

"நியாயம்தான். அதுக்கும் வழி இருக்கு. வாங்க."

ஏசுவடியான் பொன்னையாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பின்வாசல் பக்கமிருந்த தன் சொந்த இருக்கையில் உட்காரவைத்தார். கண்டக்டர் சீட். அதில் வேறு யாரும் உட்கார்ந்து பஸ்ஸில் யாரும் பார்த்ததில்லை.

"இங்க நல்லா காத்து வரும். வாடையே தெரியாது."

"நீரு எங்க இருப்பீரு?"

"எனக்கு எதுக்கு சீட்டு? நான் நிக்கதுக்குத்தான் பிறந்தவன்."

இரட்டை விசில். பஸ் கிளம்பியது.

அந்த இருக்கைக்கு ஒரு ராசி உண்டு போலிருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண் ஒருத்தி, அதில் உட்கார்ந்திருப்பவரிடம்தானே கேட்க வேண்டும் என்று, "சந்தை முக்குல நிக்குமா?" என்று பொன்னையாவைக் கேட்டாள். "நிக்கும்" என்றார் பொன்னையா. அதற்கடுத்த நிறுத்தத்தில் வாசலில் நான்கு பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஏசுவடியான் முன்னால் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். பொன்னையா சுற்றுமுற்றும் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"வழியில நிக்காதீங்கய்யா! உள்ள போங்க! அங்க என்ன, நடுவுல கல்யாணப் பந்தியா நடக்கு? நகருங்க!"

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுவரை அவருக்கே தெரியாது. வக்கீல் ஆபீசில் அதற்கு வேலை இல்லை. கூட்டம் நகர்ந்தது. பொன்னையா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். டவுன் வரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் அவரே கூவினார். சுடலைக்கண்ணு திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏசுவடியான் வேலையை விட்டா விடட்டும், ஆளு கிடைச்சாச்சு" என்றார்.

மார்க்கெட் நிறுத்தத்தில் ரொசாரி இறங்கினாள். ஒரு பக்கம் ஏசுவடியானும், மறுபக்கம், யாரும் எதிர்பாராமல், படிக்கட்டு மாணவனும் கூடையைப் பிடித்தார்கள். பொன்னையா தன் புதிய இருக்கையில் இருந்தபடி, "பாத்து, பாத்து, சட்டையில பட்டுராம" என்று மேற்பார்வை செய்தார்.

ரொசாரி மார்க்கெட் வாசலைப் பார்த்தாள். இன்னும் யாரும் கடை விரிக்கவில்லை.

"நடந்து வந்தா எனக்கு மூலையிலதான் இடம் கிடைக்கும்" என்றாள். "இன்னைக்கு வாசல்லயே உக்காந்துருவேன்."

அவள் முகத்தில் வெயில் ஏறியிருந்தது. சிரித்தபோது வயது பாதியாகிவிட்டது. சாக்கை விலக்கி நாலு நல்ல சாளையாகத் தேடி எடுத்து, வாழை இலையில் சுற்றினாள். பிறகு யோசித்து, ஒரு பெரிய பாறை மீனையும் சேர்த்து வைத்து நீட்டினாள்.

"வேண்டாம். வேண்டவே வேண்டாம்" என்றார் ஏசுவடியான். "நான் அதுக்காகவா நிறுத்துனேன்? இத்தனை நாளு உங்களை நடக்கவிட்டவன் நானு. இதை எப்படி வாங்குவேன்?"

ரொசாரியின் கை நீட்டியபடியே நின்றது. சிரிப்பு கொஞ்சம் மங்கியது.

பின்னாலிருந்து எப்சிபா அம்மாவின் கை வந்து இலையை வாங்கிக்கொண்டது.

"என்கிட்ட குடுங்க. பாறையா? குழம்பு வைக்கலாம்ல?"

"நல்லா வைக்கலாம்மா. புளி கொஞ்சம் குறைச்சுப் போடணும்."

"சொல்லிடுறேன்."

ரொசாரி கூடையோடு போனாள். அம்மா ஏசுவடியானைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன். மத்தியானம் டூட்டி முடிஞ்சு வந்துருங்க. நானும் சாப்பிட வர்றேன்."

"அம்மா, உங்களுக்கு டவுன்ல ஏதோ வேலைன்னீங்களே?"

"முடிஞ்சுட்டு" என்றார் அம்மா. அடுத்த பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் ஜெயசீலி பாயை விரித்து இலை போட்டிருந்தாள். வீடு முழுக்க மீன் குழம்பு மணம். காலையில் நடந்ததெல்லாம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பரிமாறும்போது ஒவ்வொரு தடவையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சகோதரர்களே, கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஏசுவடியான் சிரிக்கவும் செய்தார், வெட்கப்படவும் செய்தார். பாறை மீனின் தலையை ஜெயசீலி அவர் இலையில் வைத்தாள். அவர் அதை எடுத்து அவளுக்குப் போட்டிருந்த இலையில் வைத்தார். வேலையை விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏசுவடியான் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நான் நல்லவன்னு நினைச்சுராதீங்க. அந்த விலக்குல நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதனாலதான் நிறுத்துனேன். நீங்க இல்லைன்னா போயிருப்பேன்."

எப்சிபா அம்மா ஒரு முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"எந்த விலக்கு?"

"உப்பளத்து விலக்கு. நீங்க ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"நானா? அந்தப் பையனை நீங்க ஏசுனதுக்கப்புறம் காத்து நல்லா வந்துச்சு. கம்பியில சாய்ஞ்சு தூங்கிட்டேன் அண்ணாச்சி. குமாஸ்தா சத்தத்துலதான் முழிச்சேன்."

ஏசுவடியான் அவரையே பார்த்தார். அம்மா முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்ப யாரும் பாக்கலையா?"

"நான் பாக்கலை."

ஜெயசீலி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றாள். ஏசுவடியான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண் ஓரத்தில் ஈரம் வந்தது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இலையில் இருந்த சோற்றைப் பிசைந்து ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டார். மென்றார். பிறகு பழைய பயம் ஒன்று மெல்லத் தலை தூக்கியது.

"இன்னைக்குச் சரி. நாளைக்கு விடிஞ்சதும் மறுபடி எவனாவது ஒண்ணு சொல்லுவான். எனக்குக் கோவம் வரும். நாக்குல நிக்கதைச் சொல்லிப் போடுவேன். என்னைய எனக்குத் தெரியும்மா. நாளைக்குத் தோத்துட்டேன்னா?"

எப்சிபா அம்மா ஜெயசீலி பக்கமாக இலையை நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் குழம்பு மதினி" என்றார். ஊற்றும்வரை காத்திருந்தார். பிறகு ஏசுவடியானைப் பார்த்துச் சொன்னார்.

"மறுநாளும் பஸ் உண்டே அண்ணாச்சி."